படம் வந்துவிட்டது, அறிக்கை எங்கே?

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பங்கள் மலையிறங்குகின்றன. 2024-ல் பாம்பே பர்மா நிறுவனம் விருப்ப ஓய்வை அறிவித்துத் தோட்டத்தை மூட முனைந்தது முதல், தலைமுறைகளாக ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் ஊர் ஊராகச் சிதறத் தொடங்கினார்கள். அவர்களோடு 1999 ஜூலை 23-ன் நினைவும் சிதறுகிறது. அந்த நாளைப் பற்றி நாளைக்கே ஒரு பெரிய நடிகரின் படம் வரலாம், வரட்டும். அதில் எது நடந்தது, எது கற்பனை என்று சரிபார்க்க நினைக்கும் ஒரு மாணவர் பாளையங்கோட்டையில் எந்தக் கதவைத் தட்டுவார்?

கடந்த சில ஆண்டுகளாக, உண்மையில் நடந்த அரசியல் வன்முறையை, காவல் துறை அத்துமீறலை, உரிமைப் போராட்டங்களைச் சொல்லும் படங்கள் தமிழில் தொடர்ந்து வருகின்றன. ஒவ்வொன்றும் வரும்போது ஒரு வாரம் சண்டை நடக்கிறது. ‘எங்கள் சாதியை இழிவுபடுத்திவிட்டார்கள்’, ‘எங்கள் ஆட்சியின் மீது பழி போட்டுவிட்டார்கள்’, ‘உண்மையில் அப்படி நடக்கவில்லை’ என்று ஆளுக்கொரு குரல். கடைசியாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டை நிரூபிக்கவோ மறுக்கவோ தேவையான காகிதம் மட்டும் யார் கையிலும் இருப்பதில்லை.

ஆற்றுக்குள் முடிந்த ஊர்வலம்

இளைய வாசகர்களுக்காக 1999 ஜூலை 23-ஐச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எஸ்டேட் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டோர் கைதாகிச் சிறையில் இருந்தார்கள். அவர்களை விடுவிக்க வேண்டும், கூலிப் பிரச்சினைக்கு முடிவு சொல்ல வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கத்தான் அன்றைய ஊர்வலம். புதிய தமிழகம் கட்சியின் டாக்டர் க. கிருஷ்ணசாமி தலைமையில், வேறு கட்சிகளும் சேர்ந்து வந்தன. மலையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்திருந்தார்கள்.

கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகம் ஆற்றங்கரையை ஒட்டி இருக்கிறது. ஊர்வலம் தடுத்து நிறுத்தப்பட்டது, தடியடி தொடங்கியது. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் தாமிரபரணி. தப்பிக்க நினைத்தவர்களுக்குத் தண்ணீர் மட்டுமே வழியாக இருந்தது. இறந்தவர்கள் 17 பேர். அவர்களில் இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் உண்டு. அப்போது மாநிலத்தில் மு. கருணாநிதி தலைமையிலான திமுக ஆட்சி. நீதிபதி எஸ். மோகன் ஆணையம் விசாரித்தது. அதன் முடிவுகளைப் பாதிக்கப்பட்டோர் தரப்பு ஏற்கவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்குப் போகும் ஒவ்வொரு பேருந்தும் சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டித்தான் போகிறது. 1843-ல் சொந்தப் பணத்தைக் கொடுத்து அதைக் கட்டியவரின் பெயர் நமக்குத் தெரியும், தெரிய வேண்டியதுதான். பாலத்தின் மேலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இறந்துபோன 17 பேரில் ஒருவர் பெயரையாவது சொல்லக்கூடியவர்கள் அந்தப் பேருந்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

சினிமாவும் இலக்கியமும் இதைத் தொடாமல் இல்லை. நெல்லையில் ‘காஞ்சனை’ திரைப்பட இயக்கத்தை நடத்திய ஆர்.ஆர். சீனிவாசன் ‘நதியின் மரணம்’ என்று ஆவணப்படம் எடுத்தார். மாரி செல்வராஜ் இயக்குநர் ஆவதற்கு முன் எழுதிய சிறுகதைத் தொகுப்பின் பெயரே ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’. ஆனால் ஆவணப்படம் திரையரங்குக்கு வருவதில்லை, சிறுகதைத் தொகுப்பு சில ஆயிரம் பேரைத் தாண்டுவதில்லை. கோடிக்கணக்கானவர்களைத் தொடுவது கதைப்படம் மட்டுமே. வரலாற்றின் பாரம் முழுவதும் அதன் தலையில் ஏறுவது அதனால்தான்.

இரண்டு ஆண்டு வித்தியாசம்

2021 ஏப்ரலில் வந்த ‘கர்ணன்’ படத்தை எடுத்துக்கொள்வோம். படத்தில் ஊர் பெயர் பொடியன்குளம். ஒட்டப்பிடாரம் பக்கமிருக்கும் கொடியங்குளத்தைத்தான் அது நினைவூட்டுகிறது என்பதைப் பார்த்தவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். படத்தின் தொடக்கத்தில் ஆண்டு 1997 என்று வந்தது. கொடியங்குளத்துக்குள் காவல் படை புகுந்ததோ 1995 ஆகஸ்ட் 31 அன்று. 1995-ல் நடந்தது அதிமுக ஆட்சி. 1997-ல் திமுக ஆட்சி. உதயநிதி ஸ்டாலின் அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டினார். படக்குழுவினர் ஆண்டை நீக்கிவிட்டு, தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று மாற்றினார்கள். 1995 எந்தக் கணக்கில் பிற்பகுதி ஆகும் என்று அடுத்த கேள்வி எழுந்தது.

சுட்டிக்காட்டியதில் நியாயம் உண்டு. ஓர் ஆட்சியில் நடந்ததை இன்னோர் ஆட்சியின் கணக்கில் எழுதுவது சின்னப் பிழை ஆகாது. ஆனால் அந்த விவாதம் முழுவதும் எந்தக் கட்சிக்குப் பழி என்பதோடு நின்றுபோனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. கொடியங்குளம் ஓரளவு வசதியாக எழுந்துகொண்டிருந்த தலித் கிராமம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் வீடு கட்டியிருந்தார்கள், டி.வி., தையல் மெஷின் வாங்கியிருந்தார்கள். புகுந்த படை குறிவைத்தது அந்தப் பொருள்களைத்தான். தானியம் பாழாக்கப்பட்டதாகவும், பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழ்களும் எரிக்கப்பட்டதாகவும், குடிநீர்க் கிணறு கெடுக்கப்பட்டதாகவும் ஊர் மக்கள் சொன்னார்கள். முன்னேறுவதற்கான ஏணியை எடுத்து ஒடிக்கும் வன்முறை அது. அதைப் பற்றி அந்த வாரத்தில் எத்தனை பேர் பேசினார்கள்?

கொடியங்குளத்துக்கும் ஒரு விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது, நீதிபதி கோமதிநாயகம் தலைமையில். ‘கர்ணன்’ வந்த வாரத்திலேயே அந்த அறிக்கை, ஊர் மக்களின் சாட்சியங்களோடு தமிழில் எல்லோர் கைக்கும் எட்டியிருந்தால், ஆண்டைப் பற்றிய சண்டை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். மீதி நேரத்தைச் சான்றிதழ் எரிந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்குச் செலவிட்டிருக்கலாம்.

நாயகன் இல்லாத சாவு

படம் எடுப்பவருக்கு நாயகன் வேண்டும். அது கலையின் தேவை மட்டும் கிடையாது, வியாபாரத்தின் தேவையும்கூட. இரண்டரை மணி நேரம் பார்வையாளர் யார் பின்னால் போவது என்ற கேள்விக்கு ஒரு முகம் பதிலாக வேண்டும். ‘கர்ணன்’ படத்தில் அந்த முகம் வாளோடு நிற்கிறது. காவல் அதிகாரியைக் கொல்கிறது. கொடியங்குளத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. திரையரங்கில் கைதட்டிய பலருக்கும் அது தெரியாது.

இது புதிய சங்கதியும் இல்லை. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகமும் காவல் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். 1961-ல் பி.ஆர். பந்துலு எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ வ.உ.சி.யை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிவாஜி செக்கிழுத்த காட்சியைப் பார்த்து அழாத தலைமுறை இங்கே இல்லை. அந்த நால்வர் யார் என்று அழுதவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் கூட்டத்தில் இருந்த சாதாரண மக்களை மீட்டெடுக்க ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து தேட வேண்டியிருந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி அதைச் செய்து, ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்ற நூலாக்கினார். 2024-க்கான சாகித்ய அகாடமி விருதும் அதற்குக் கிடைத்தது. நூறு ஆண்டுக்கு முந்தைய காலனி அரசு தன் காகிதங்களைப் பாதுகாத்து வைத்திருந்ததால் அந்த நூல் சாத்தியமாயிற்று என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஜூலை 23-ல் நாயகன் இல்லை. செத்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், ஒரு குழந்தை. இப்படிப்பட்ட சாவைப் படமாக்கும்போது ஒரு நாயகனைக் கண்டுபிடித்துச் சேர்க்கத்தான் செய்வார்கள். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. சேர்த்தது எது என்று தெரிந்துகொள்ளும் வசதிதான் நமக்கு வேண்டும்.

படமா தூண்டுகிறது?

நெல்லையில் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்டார்கள். 2025 ஜூலையில் பாளையங்கோட்டை கேடிசி நகரில் பட்டப்பகலில் ஓர் இளைஞர் சாதியின் பெயரால் கொல்லப்பட்டார். ஒவ்வொரு முறையும் டீக்கடையில் யாராவது சொல்வார்கள்: எல்லாம் இந்தப் படங்களால் வந்த வினை என்று.

என்னால் அதை ஏற்க முடியாது. இந்தப் படங்கள் எதுவும் வராத காலத்தில்தான் கொடியங்குளம் நடந்தது. 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது எந்தப் படம் தூண்டியது? நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024-ல் அறிக்கை தந்தது. மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு முதல் பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதி அடையாளம் வரை அது பேசியது. நோய் வகுப்பறையிலும் தெருவிலும் இருக்கிறது.

இருந்தாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். படத்தில் இரண்டு மணி நேரம் நடக்கும் வாதம் ஒரு பையனின் கைபேசிக்குப் போகும்போது முப்பது விநாடி வாள்வீச்சாகச் சுருங்கிவிடுகிறது. அதோடு ஒரு சாதிப் பாட்டும் ஒட்டிக்கொள்கிறது. ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள், எதிர்த்தரப்புப் பையன் இன்னொரு படத்திலிருந்து இன்னொரு முப்பது விநாடியை எடுத்து வைக்கிறான். இயக்குநர் இதற்குப் பொறுப்பாளி கிடையாது. ஆனால் இப்படித்தான் நடக்கும் என்று தெரிந்தே அவர் படம் எடுக்க வேண்டிய காலம் இது. பாளையங்கோட்டைச் சட்டக் கல்லூரியையும் நம் தெருக்களையும் நினைவூட்டும் ‘பரியேறும் பெருமாள்’ என் பார்வையில் ‘கர்ணன்’ படத்தைவிடப் பெரிய சாதனை. காரணம் இதுதான்: அதன் கடைசிக் காட்சியில் வெட்டியெடுத்து வைக்க வாள் ஏதும் இல்லை. மேசைமீது இரண்டு தேநீர்க் கோப்பைகள் இருக்கின்றன.

டெரியும் செல்மாவும்

வட அயர்லாந்தின் டெரி நகரம் நமக்குச் சில பாடங்களை வைத்திருக்கிறது. 1972 ஜனவரி 30 அன்று அங்கே ஒரு குடிமை உரிமை ஊர்வலம் நடந்தது. விசாரணையின்றிச் சிறையில் அடைப்பதை எதிர்த்த ஊர்வலம் அது. சிறையில் இருப்பவர்களுக்காகத்தான் நம் ஊர்வலமும் நடந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள். சில வாரங்களில் வந்த விட்ஜெரி விசாரணை அறிக்கை ராணுவத்தின்மேல் பெரிதாகக் குற்றம் காணவில்லை.

குடும்பங்கள் விடவில்லை. 26 ஆண்டுகள் கழித்து, 1998-ல் புதிய விசாரணை அறிவிக்கப்பட்டது. அது நடந்துகொண்டிருந்தபோதே, 2002-ல் பால் கிரீன்கிராஸ் ‘பிளடி சண்டே’ என்ற படத்தை எடுத்தார். சாட்சிகளின் வாக்குமூலங்களைத் தொகுத்த நூல் அதற்கு அடித்தளம். டெரி மக்களே கூட்டமாக நடித்தார்கள். 2010 ஜூன் 15-ல் அந்தப் புதிய விசாரணையின் அறிக்கையான ‘சாவில் அறிக்கை’ வெளியானது. பிரதமர் டேவிட் கேமரூன் நாடாளுமன்றத்தில் எழுந்து, அந்தக் கொலைகளை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது என்று சொல்லி அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். பத்துத் தொகுதி அறிக்கையை இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அங்கே படம் தனியாக நிற்கவில்லை. ஒரு பக்கம் குடும்பங்களின் போராட்டம், மறுபக்கம் ஆவணம், நடுவில் படம்.

அமெரிக்காவின் ‘செல்மா’ (2014) படத்திலும் பாலம் உண்டு. 1965 மார்ச் 7-ல் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களை எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைத் தாண்டியதும் போலீஸ் அடித்து நொறுக்கியது. அதிபர் லிண்டன் ஜான்சனைப் படம் தவறாகக் காட்டுகிறது என்று பெரிய சர்ச்சை வந்தது. ஜான்சனும் மார்ட்டின் லூதர் கிங்கும் பேசிய தொலைபேசி ஒலிப்பதிவுகள் அங்கே பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. சண்டை போட்டவர்கள் அவற்றைக் கேட்டுவிட்டுச் சண்டை போட்டார்கள். நாம் எதையும் கேட்காமல் சண்டை போடுகிறோம்.

தணிக்கையின் கத்தி

இந்தப் படங்களை நிறுத்திவிட வேண்டும் என்பவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 1989-லேயே பதில் சொல்லிவிட்டது, அதுவும் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் கேள்வி கேட்ட படம். அந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் எதிர்ப்பவர்கள் கலவரம் செய்வார்கள் என்று காரணம் காட்டி ஒரு படத்தை நிறுத்தக் கூடாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அன்று அந்தப் படத்தைக் காத்த அதே தீர்ப்புதான் இன்று மாரி செல்வராஜுக்கும் வெற்றிமாறனுக்கும் கவசம்.

கவசத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. தணிக்கை வாரியத்தின் முடிவை எதிர்த்து முறையிடுவதற்கு இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-ல் ஒழிக்கப்பட்டது. இப்போது தயாரிப்பாளர் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பெரிய நிறுவனத்தால் முடியும். கடன் வாங்கி முதல் படம் எடுத்தவருக்கு வழக்கறிஞர் கட்டணமும் வட்டியும் ஏறிக்கொண்டே போகும். வெட்டச் சொன்னதை வெட்டிவிடுவார். பஞ்சாபின் மனித உரிமைப் போராளி ஜஸ்வந்த் சிங் கால்ராவைப் பற்றிய ‘பஞ்சாப் ’95’ படத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வெட்டுகள் கேட்கப்பட்டன. ‘எம்புரான்’ 2025-ல் திரைக்கு வந்த பிறகும் வெட்டப்பட்டது.

இனிச் செய்ய வேண்டியவை

முதல் வேலை மாநில அரசுடையது. விசாரணை ஆணையச் சட்டம், அறிக்கை கிடைத்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு அதைச் சட்டமன்றத்தில் வைக்கச் சொல்கிறது. சட்டமன்றத்தில் வைப்பதோடு வேலை முடிந்துவிடுவதாக நினைக்கக் கூடாது. கோமதிநாயகம் அறிக்கை, மோகன் அறிக்கை, 2018 தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு பற்றிய அருணா ஜெகதீசன் அறிக்கை ஆகிய மூன்றையும் முழுமையாகத் தமிழாக்கி அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்கள், குழந்தைகளின் அடையாளங்களை மட்டும் மறைத்தால் போதும். அச்சிட்ட படிகள் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலும் சட்டக் கல்லூரி நூலகத்திலும் இருக்க வேண்டும். ஆணையத்தின் முடிவை ஒப்புக்கொள்ளாதவர்களுக்கும் அதன் சாட்சியங்கள் தேவை. டெரி குடும்பங்கள் விட்ஜெரி அறிக்கையை வரி வரியாகப் படித்துத்தான் உடைத்தார்கள்.

இரண்டாவது வேலைக்குக் காலம் குறைவு. பாம்பே பர்மாவின் குத்தகை 2028-ல் முடிகிறது. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமே எஸ்டேட்டை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஏற்கவில்லை. ஊர்வலத்தில் நடந்தவர்கள் இப்போது முதியவர்கள். தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறைக்குக் குரல்களைப் பதிவு செய்வதில் நீண்ட அனுபவம் இருக்கிறது. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் சேர்ந்து, மலையிறங்கிய ஒவ்வொரு குடும்பத்திடமும் போய் அந்த நாளைப் பதிவு செய்ய வேண்டும். அன்று பணியில் இருந்த காவலர்களில் பேச விரும்புவோரின் குரலும் அதில் இடம்பெறட்டும். ரெட்டியார்பட்டியில் எழுந்திருக்கும் பொருநை அருங்காட்சியகம் ஆதிச்சநல்லூர், சிவகளையின் மூவாயிரம் ஆண்டு மண்பாண்டங்களைக் காட்டுகிறது. அதே தாமிரபரணியின் 1999-க்கும் அதே கட்டடத்தில் ஓர் அறை ஒதுக்கலாம்.

படம் எடுப்பவர்களிடம் கேட்பது அதிகமில்லை. முடிவில் ஓடும் எழுத்துகளுக்கு முன் ஒரு நிமிடம்: நிகழ்வின் உண்மையான தேதி, இடம், இறந்தோர் எண்ணிக்கை, நாங்கள் மாற்றியவை இவை. ‘ஜெய் பீம்’ (2021) இதைத் தெளிவாகச் செய்திருந்தால் சில சர்ச்சைகள் குறைந்திருக்கும். 1993-ல் காவலில் இறந்த ராசாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படத்தில் அவர் இருளர் ஆனார். இரண்டு சமூகங்களும் போலீஸ் அடியை அறிந்தவைதான். ஆனால் இழந்த குடும்பத்துக்குத் தன் அடையாளமே தன் கதையில் இல்லாமல் போவது இன்னோர் இழப்பு. படம் பேசப்பட்ட பிறகுதான் அவருடைய மனைவியின் வறுமை வெளியே தெரிந்தது. நடிகர் சூர்யா அவர் பெயரில் 10 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போட்டார். நல்ல காரியம். ஆனால் அது ஒரு நடிகரின் நல்ல மனதைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தின் கதையை எடுக்கும்போதே ஒப்புதலும் வருவாயில் பங்கும் எழுத்தில் வர வேண்டும். தயாரிப்பாளர் சங்கம் அதற்கு ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தயாரித்து வைக்கலாம்.

கல்லூரிகளுக்கு ஒரு யோசனை. ‘செல்மா’ வந்தபோது அமெரிக்காவின் பல நகரங்களில் கறுப்பின வணிகர்கள் பணம் போட்டு மாணவர்களை இலவசமாகப் படம் பார்க்க வைத்தார்கள். நம் கல்லூரிகளில் ஒரு திரையும் ஒரு பிற்பகலும் போதும். ‘கர்ணன்’ போடுங்கள், முடிந்ததும் கொடியங்குளத்திலிருந்து ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். ‘நதியின் மரணம்’ போடுங்கள். மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்தவர்களில் ஒருவர் பேசட்டும். எதிர்க் கேள்வி கேட்கும் மாணவரையும் பேச விடுங்கள். அவர் வகுப்பறைக்கு வெளியே அதைப் பேசுவதைவிட உள்ளே பேசுவது நல்லது.

ஒன்றிய அரசு திரைப்பட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதற்காக நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுக்கலாம்.

திருநெல்வேலி மாநகராட்சிக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கொக்கிரகுளம் ஆற்றங்கரையில், எந்தக் கட்சியின் கொடியும் சின்னமும் இல்லாமல், 17 பெயர்களும் அவர்களுடைய ஊர்களும் வயதும் பொறித்த ஒரு கல் வையுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு தெருவிளக்குக் கம்பத்தின் செலவைத் தாண்டாது. மாமன்றத்தின் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டால், வருகிற ஜூலை 23-க்குள் வேலையை முடித்துவிடலாம்.